பதினோரு வாட்

மன்னார்குடியில் ஒரு வீட்டின் சிற்றறையில், புத்தக அலமாரியின் மூன்றாம் தட்டில், தடித்த அகராதி ஒன்றின் பருமனுள்ள கறுப்புப் பெட்டி இரவும் பகலும் இயங்கிக்கொண்டிருக்கிறது. சுவரிலிருந்து அது எடுத்துக்கொள்ளும் மின்சாரம் பதினோரு வாட். அதற்குள் ஐந்து கணினிகள் குடியிருக்கின்றன. அவற்றுள் ஒன்று 2004ஆம் ஆண்டோடு நின்றுபோனது. அந்த ஒன்றுக்காகத்தான் மற்ற நான்கும், பெட்டியும், இப்பதிவும்.

இதைக் கட்டியவர்கள் நாங்கள் நால்வர். ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர், ஒருவர் மெய்ப்புத் திருத்துநர், ஒருவர் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நான்காமவர் மட்டுமே கணினித் துறையைச் சார்ந்தவர். அவர் விளக்கியவற்றை மற்ற மூவரும் புரிந்துகொண்ட அளவில்தான் இங்கே எழுதுகிறோம். துறை வல்லுநர்கள் பொறுத்தருள்க.

அது ஒரு சிற்றிதழ் ஆசிரியரின் வீடு. 1997 முதல் 2004 வரை அங்கிருந்து பத்தொன்பது இதழ்கள் வெளிவந்தன. இதழின் பெயரை வெளியிடுவது குறித்து வீட்டார் இன்னும் முடிவு செய்யவில்லை. அக்காலத்தில் சிற்றிதழ் வாசித்தவர்கள் ஊரைக் கொண்டே ஊகித்துவிடக்கூடும். ஊகித்தவர்கள் இப்போதைக்குத் தங்களோடு வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம். ஆசிரியர் 2019இல் காலமானார். பத்தொன்பது இதழ்களும் அச்சில் இருக்கின்றன. நூலகங்கள் இரண்டொன்றிலும் எங்களைப் போன்றவர்களின் அட்டைப்பெட்டிகளிலும் அவற்றைத் தேடிப் பிடித்துவிடலாம். இருபதாவது இதழ் அச்சேறவில்லை. பக்கம் கட்டி முடித்தாயிற்று, தாள் வாங்கப் பணம் இல்லை என்று அவர் மனைவி சொன்னார். அறுபத்துநான்கு பக்கங்கள். அவை இருந்த ஒரே இடம், பரணில் கிடந்த பழைய கணினியின் 4.3 ஜிகாபைட் வன்தட்டு.

இருபது ஆண்டுகள் பரணில் கிடந்த வன்தட்டு சுழன்றது என்பதே எங்களுக்கு முதல் வியப்பு. அதைக் கணினியோடு இணைத்துக் கோப்புகளைத் திறந்து பார்க்கும் ஆவலை நண்பர் அடக்கச் சொன்னார். மாற்றி வடம் ஒன்றின் வழியே இணைத்து, டிடிரெஸ்கியூ என்னும் நிரலைக் கொண்டு வட்டு முழுவதையும் முதல் அணுவிலிருந்து கடைசி அணுவரை ஒரே கோப்பாகப் படியெடுத்தார். படிக்க முடியாத பகுதிகளை அந்நிரல் தாண்டிப் போய், எஞ்சியவற்றை முதலில் காப்பாற்றிவிட்டு, பிறகு திரும்பி வந்து பழுதுற்ற இடங்களை மறுபடி மறுபடி வருடிப் பார்க்கும். ஓர் இரவும் அரைப் பகலும் ஆயிற்று. முடிந்ததும் வன்தட்டைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துவிட்டோம். இனி அதைச் சுழற்றுவதில்லை என்று முடிவு.

படியெடுத்த கோப்பைத் திறந்தால் பேஜ்மேக்கர் ஆவணங்கள். அவற்றை இன்றைய கணினி எதிலும் திறக்க முடியவில்லை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அதன்பின் அது வளரவில்லை. அதற்குள்ளிருந்த எழுத்துகளை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தோம். ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் கலந்த பெருங்குப்பை. இவ்வலைப்பக்கத்தின் பழைய வாசகர்களுக்கு இக்குப்பை நன்கு பழகியதே.

ஒருங்குறி பரவலாவதற்கு முன் தமிழ் எழுத்துரு ஒவ்வொன்றும் ஒரு தனி நாடு. 256 இருக்கைகள் மட்டுமே உள்ள கூடத்தில் தமிழை உட்காரவைக்க வேண்டும். எந்த எழுத்துக்கு எந்த இருக்கை என்பதை எழுத்துருவைச் செய்தவர் தீர்மானித்தார். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டிலிருந்து டாம், டாப் என்னும் குறிமுறைகள் வந்தன. இணைய ஆர்வலர்கள் டிஸ்கியைக் கொண்டுவந்தார்கள். ஈழத்தவரிடையே பாமினி கோலோச்சியது. பாமினியில் தமிழ்த் தட்டச்சுப்பொறியின் விசையமைப்பே குறிமுறை. 'அம்மா' என்று அடித்தால் வட்டுக்குள் போய்ச் சேருபவை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகள்தாம். எழுத்துரு உடனிருக்கும்வரை அது அம்மா. எழுத்துருவைப் பிரித்துவிட்டால் அது ஒன்றுமில்லை.

மாற்றிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, சுரதாவின் பொங்குதமிழ் போன்றவை அந்நாளில் செய்த தொண்டை மறக்க இயலாது. ஆனால் மாற்றி தருவது சொற்களை மட்டுமே. கட்டுரையின் நடுவே வரும் ஆங்கிலப் பெயரையும் அது தமிழ்க் குறிகளென்றே எண்ணி மாற்றிவிடும். கவிதையின் இரண்டாம் அடி எவ்வளவு உள்ளே தள்ளித் தொடங்கியது என்பது போய்விடும். மற்றொன்றும் உண்டு. 1978இல் தமிழக அரசின் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்து இருபது ஆண்டுகள் ஆன பின்னும், நம் ஆசிரியர் தலைப்புகளில் மட்டும் பழைய துதிக்கை வைத்த 'லை'யையும் 'னை'யையும் விடாமல் பயன்படுத்தினார். அது அவருடைய பிடிவாதம், அல்லது அவருடைய அழகு. ஒருங்குறியில் பழைய 'லை'க்கும் புதிய 'லை'க்கும் குறி ஒன்றே. வடிவம் எழுத்துருவின் பாடு. ஆகவே மாற்றியின் வழியே வெளியே வரும்போது அவருடைய பிடிவாதம் கழன்று விழுந்துவிடும். சொற்களை மாற்றி எடுக்கவும் வேண்டும், பக்கத்தை அவர் கட்டியபடியே பார்க்கவும் வேண்டும் என்று விரும்பினோம். பின்னதற்கு ஒரே வழி, அவர் உட்கார்ந்து கட்டிய கணினியையே மறுபடி எழுப்புவது.

இங்கேதான் மெய்நிகர் கணினி வருகிறது. ஒரு கணினிக்குள் நிரலாலேயே இன்னொரு கணினியைப் பாவித்து, அதற்கென நினைவகம், வன்தட்டு, திரை எல்லாம் இருப்பதாக நம்பவைப்பது. கருத்து புதிதன்று, 1960களின் இறுதியிலேயே ஐபிஎம் நிறுவனம் தன் பெருங்கணினியைப் பல சிறு கணினிகளாகப் பகுத்துக் காட்டியது, 1972இல் விஎம்/370 என்று விற்கவும் செய்தது. நம் மேசைக் கணினிகளுக்கு இது எளிதாகக் கைவந்தது 2005க்குப் பின்னர், இன்டெலும் ஏஎம்டியும் செயலிக்குள்ளேயே இதற்கு வசதி செய்தபோதுதான். 2007இல் கேவிஎம் லினக்ஸின் கருவிலேயே சேர்ந்தது.

எங்கள் நண்பர் இதைத் தம் பெங்களூர் வீட்டில், தம் மடிக்கணினியில் செய்து முடித்திருப்பார். அக்கா (ஆசிரியரின் மனைவியை நாங்கள் அப்படித்தான் அழைக்கிறோம்) அதற்கு இசையவில்லை.

"தம்பி, அவரு எழுதினது, அவருக்கு வந்த கடுதாசி எல்லாம் அதுக்குள்ள இருக்கு. இந்த வீட்டை விட்டுப் போக வேண்டாம். நீங்க இங்க வந்து என்ன வேணும்னாலும் செய்யுங்க."

மேகக்கணினி, வாடகை வழங்கி என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தவை அந்த ஒரு வார்த்தையோடு முடிந்தன. அவர் கேட்டது நியாயம் என்றே நால்வருக்கும் பட்டது. வழங்கி அந்த வீட்டில்தான் இருக்க வேண்டும். நாங்கள் திருச்சியிலும் சென்னையிலும் பெங்களூரிலுமாக இருக்கிறோம்; ஆளுக்கொரு நேரத்தில் தொலைவிலிருந்து வேலை செய்வோம்; ஆகவே அது எந்நேரமும் விழித்திருக்க வேண்டும். அறுபத்தெட்டு வயதான ஒருவர் தனியே வாழும் வீட்டில் சத்தமிடாமல், சூடேறாமல், அவருடைய மின்கட்டணத்தில் தன் முகத்தைக் காட்டாமல் இருக்க வேண்டும். மின்கட்டணத்தை நாங்கள் தருகிறோம் என்று சொல்லிப் பார்த்தோம். அவர் சிரித்துவிட்டு உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தார். அத்துடன் அந்தப் பேச்சு எடுபடாது என்று தெரிந்துகொண்டோம்.

வங்கி நண்பர் கணக்குப் போட்டார். ஒரு வாட் இடைவிடாமல் எரிந்தால் அறுபது நாள்களில் 1.44 யூனிட். அக்கா வீட்டின் இருமாதப் பயன்பாடு 180 யூனிட்டை ஒட்டியே இருக்கிறது. இருநூற்றைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுகளுக்கு விலை கூடுதல். ஆக எங்களுக்குக் கிடைத்த இடைவெளி இருபது யூனிட், அதாவது பதினான்கு வாட்டுக்குள். நிறுவனங்கள் கழித்துக் கட்டிய அடுக்கு வழங்கிகள் இரண்டாம் விலைக்குக் கிடைக்கின்றன, வலிமையும் மிகுதி. சும்மா இருக்கும்போதே இருநூறு வாட் தின்பவை அவற்றில் உண்டு. இரண்டு மாதத்திற்கு 288 யூனிட். கூடவே விசிறிகளின் இரைச்சல் வேறு. ஆசிரியரின் காலத்து மேசைக் கணினி வகையில் ஒன்றை எடுத்தாலும் நூறு வாட்டை நெருங்கிவிடும். மறுகோடியில் ராஸ்பெரி பை இருக்கிறது. நான்கைந்து வாட்டில் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அதன் செயலி வேறு இனம். விண்டோஸின் பழைய பதிப்புகள் பேசும் மொழி அதற்குத் தாய்மொழி அன்று. ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்த்து மொழிபெயர்த்துத்தான் இயக்க வேண்டும். மொழிபெயர்ப்பில் வேகம் போய்விடும்.

2023இல் வெளிவந்த இன்டெல் என்100 செயலியையும் எண்ணிப் பார்த்தோம். ஆறு வாட்டுக்கு அளவெடுத்த செயலி, புதிது, விலையும் மலிவு. நினைவகத்திற்கு ஒரே தடம், அதிகாரப்பூர்வமாக 16 ஜிகாபைட்டே எல்லை என்பது தடுத்தது. மெய்நிகர் கணினிகளை அடுக்கும்போது முதலில் தீர்ந்துபோவது செயலியின் வேகமன்று, நினைவகம். முடிவில் சென்னை ரிச்சி தெருவில், அலுவலகங்களிலிருந்து கழிந்து வந்த சிறு மேசைக் கணினி ஒன்றைப் பதினான்காயிரம் ரூபாய்க்கு வாங்கினோம். எட்டாம் தலைமுறை ஐ5, ஆறு கருக்கள், 35 வாட்டுக்குக் கட்டுப்படுத்தப்பட்ட 'டி' வகை. நினைவகத்தை 32 ஜிகாபைட்டாக உயர்த்தினோம். சுழலும் வன்தட்டு எதையும் சேர்க்கவில்லை. பெரிய வன்தட்டு ஒன்று சும்மா சுழல்வதற்கே ஐந்து வாட் கேட்கும், எங்கள் வரவுசெலவில் மூன்றில் ஒரு பங்கு. திடநிலை வட்டுகள் இரண்டு போதுமென்றாயிற்று. பழைய செயலியை வாங்கியதில் எதிர்பாராத நன்மை ஒன்றும் இருந்தது: மிகப் புதிய செயலிகள் சிலவற்றின்மேல் விண்டோஸ் 98 ஒட்டுப்போடாமல் நிலையாக ஓடாது. இதில் ஓடிற்று.

அடித்தளமாக டெபியனின்மேல் கட்டப்பட்ட புராக்ஸ்மாக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருள். உலாவியிலிருந்தே எல்லாக் கணினிகளையும் எழுப்பலாம், உறங்கவைக்கலாம், திரையைப் பார்க்கலாம். அதில் இரண்டு விதக் குடித்தனங்களுக்கு இடமுண்டு. ஒன்று கொள்கலன், திருவல்லிக்கேணியின் ஒண்டுக்குடித்தனத்தைப் போன்றது. அறை தனித்தனி, கிணறும் முற்றமும் பொது. அதாவது இயங்குதளத்தின் கரு எல்லோருக்கும் ஒன்றே. செலவு மிகக் குறைவு. ஆனால் குடிவருபவர் லினக்ஸாகத்தான் இருக்க வேண்டும். மற்றது முழு மெய்நிகர் கணினி. தனி அடுப்பு, தனிக் கிணறு, தனி வாசல். விண்டோஸுக்கு இதுதான். எழுத்துகளை மாற்றும் நிரல்களும் அக்கா படிப்பதற்கான சிறு நூலகமும் காப்புப் படிகளைக் கவனிப்பதும் ஒண்டுக்குடித்தனத்தில் இருக்கின்றன. பேஜ்மேக்கர் 7 நிறுவிய எக்ஸ்பி ஒன்றும், ஆசிரியரின் விண்டோஸ் 98உம் தனி வீட்டில்.

அந்த 98ஐ எழுப்பிய நாளைச் சொல்ல வேண்டும். வட்டின் படிமத்தை அப்படியே ஒரு மெய்நிகர் வன்தட்டாகக் கொடுத்தோம். நினைவகம் 256 மெகாபைட் மட்டும். 512ஐத் தாண்டினால் 98க்குத் தலைசுற்றும். திரை அட்டை, வலையட்டை எல்லாம் அக்காலத்தவையாகவே தெரியும்படி அமைத்தார் நண்பர். இயங்குதளம் கண்விழித்து, தன் உடல் முழுவதும் மாறிப்போயிருப்பதைக் கண்டு, புதிய வன்பொருள் கண்டேன் கண்டேன் என்று இருபது முறையாவது கேட்டது. பழைய குறுவட்டைக் கொடுத்துக் கொடுத்துச் சமாதானம் செய்தோம். நாலாவது மறுதொடக்கத்தில் மேசைத்திரை வந்தது. வயலில் நாற்று நடுகிற ஒரு நிழற்படம் பின்னணியில். இடப்புறம் 'இதழ்19', 'இதழ்20', 'சந்தா', 'பதில் எழுத' என்று அடைவுகள், எல்லாம் ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர். அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இந்தப் படம் நான் எடுத்தது" என்று மட்டும் சொன்னார்.

'பதில் எழுத' என்ற அடைவை நாங்கள் திறக்கவில்லை. ஒரு மனிதரின் கணினியை முழுவதுமாக எழுப்பும்போது வேண்டிய கோப்பு மட்டும் எழுவதில்லை. இழுப்பறைகள் எல்லாம் சேர்ந்தே எழுகின்றன. ஆவணக் காப்பில் ஈடுபட்டிருப்போர் இதைப் போதிய அளவு பேசுவதில்லை என்பது எங்கள் எண்ணம். எங்கள் தமிழாசிரியர், பதிப்பிக்கப்படாத கடிதமும் இலக்கிய வரலாற்றின் பகுதியே என்று வாதிட்டார். மெய்ப்புத் திருத்துநர், அனுப்பாத கடிதம் எழுதாத கடிதம் என்றார். இருவரும் அன்று இரவு திருச்சி பேருந்தில் பேசிக்கொள்ளவில்லை. அக்கா ஒரு வாரம் கழித்துச் சொன்னார்: இதழ் அடைவுகளை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், மற்றவற்றை நான் படித்துவிட்டுச் சொல்கிறேன். இப்போது மாலை வேளைகளில் தட்டைக்கணினியின் உலாவியில் அந்த 98இன் திரையைத் திறந்து, நாளைக்கு ஒன்றிரண்டாகப் படித்துவருகிறார். என்ன படித்தார் என்று நாங்கள் கேட்பதில்லை.

மின்சாரத்தில் ஒரு சிக்கல் இங்கேதான் முளைத்தது. எல்லாம் கட்டி முடித்தபோது மானி பதினோரு வாட் காட்டிற்று. 98ஐ எழுப்பியவுடன் இருபதைத் தாண்டிற்று. அது ஒன்றும் செய்யாமல் வெறும் மேசைத்திரையைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு கருவை முழுவதும் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. இன்றைய இயங்குதளங்கள் வேலையில்லாத கணத்தில் செயலியிடம் 'நில்' என்று சொல்லிவிடும். செயலி படிப்படியாக ஆழ்ந்த உறக்கத்திற்குப் போகும். குறைந்த மின்சாரம் என்பதன் மறைபொருள் முழுவதும் அந்த உறக்கத்தில்தான் இருக்கிறது. 98 இருந்த இருப்பில் அந்த 'நில்' என்ற கட்டளையைச் சொல்லவே இல்லை. வேலையில்லாதபோது, வேலை வந்ததா வந்ததா என்று ஓயாமல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் காலத்தில் அது யாருக்கும் உறுத்தவில்லை. சும்மா இருக்கும் திறம் அரிது என்று தாயுமானவர் பாடியது மனத்தைப் பற்றி; எங்கள் தமிழாசிரியர் அதைச் செயலிக்கும் பொருத்திச் சொல்லி மகிழ்ந்தார். அக்காலத்திலேயே இக்குறைக்கென்று சிலர் எழுதிவைத்த சிறு நிரல்கள் உண்டு. அவற்றுள் ஒன்றை உள்ளே இட்டதும் மானி பன்னிரண்டுக்கு இறங்கிற்று. அக்கா படிக்காத நேரத்தில் 98ஐ இருந்த நிலையிலேயே உறையவைத்துவிடுகிறோம்; அப்போது பதினொன்று.

உறக்கத்தைப் பற்றி மேலும் ஒன்று. பெட்டியில் இணைத்த ஏதேனும் ஒரு சிறு உறுப்பு உறங்க மறுத்தாலும் செயலி முழுவதும் விழித்திருக்கும். பவர்டாப் என்னும் கருவி யார் விழித்திருக்கிறார் என்று காட்டிக்கொடுக்கும். எங்கள் பெட்டியில் ஒருவரும் பயன்படுத்தாத கம்பியில்லா வலையட்டை அந்தக் குற்றவாளி. அதைக் கழற்றி எடுத்ததில் இரண்டு வாட் மீந்தது.

இரண்டு விண்டோஸுக்கும் வெளியுலகத் தொடர்பு கிடையாது. 98க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2006இலும் எக்ஸ்பிக்கானவை 2014இலும் நின்றுவிட்டன. அவற்றை இணையத்தில் விடுவது கதவில்லாத வீட்டில் நகையை வைப்பது. கோப்பை உள்ளே அனுப்ப வேண்டுமானால் குறுவட்டுப் படிமமாகச் செய்து, மெய்நிகர் குறுவட்டு இயக்கியில் செருகுகிறோம். வெளியே எடுப்பதற்கு நண்பர் கண்ட வழி எங்களுக்கு மிகவும் பிடித்தது. பேஜ்மேக்கரில் அச்சிடு என்று சொல்லி, போஸ்ட்ஸ்கிரிப்ட் அச்சுப்பொறி இருப்பதாகப் பாவித்துக் கோப்பாக எழுதவைப்பது. உள்வலையின் வழியே பக்கத்துக் குடித்தனத்திற்கு அது போகும். அங்கே கோஸ்ட்ஸ்கிரிப்ட் அதைப் பிடிஎஃப்பாக்கும். துதிக்கை வைத்த 'லை' துதிக்கையோடு வருகிறது. கவிதையின் அடி தள்ளித் தொடங்கிய இடத்திலேயே தொடங்குகிறது. அந்தப் பிடிஎஃப்பிலிருந்து சொல்லை நகலெடுத்தால் பழைய குப்பைதான் கிடைக்கும். ஆகவே மாற்றியால் கிடைத்த ஒருங்குறி உரையை மெய்ப்புத் திருத்துநர் பக்கத்தோடு பக்கம் ஒப்பிட்டுச் சரிபார்த்து, இரண்டையும் இணைத்து வைக்கிறார். மாதத்துக்கு ஓர் இதழ் என்ற கணக்கில் பத்தொன்பதும் முடிந்துவிட்டன.

மின்தடைக்கு அஞ்ச வேண்டியிருக்கவில்லை. வீட்டில் ஏற்கெனவே 150 ஆம்பியர்மணி மின்கலத்தோடு இன்வெர்ட்டர் இருந்தது. ஏறக்குறைய 1,800 வாட்மணி. பெட்டியும் இணைய இணைப்புக் கருவியும் சேர்ந்து இருபது வாட். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை மின்சாரம் நின்றாலும் 160 வாட்மணிதான். மின்விசிறிக்கும் விளக்குக்கும் தாராளமாக மிச்சமிருக்கும். இன்வெர்ட்டரை யூபிஎஸ் முறைக்கு மாற்றிவைத்தது முக்கியம். மற்ற முறையில் மாறும் இடைவெளி கூடுதல், அந்த இமைப்பில் கணினி அணைந்துவிடும்.

ஆனால் காவிரிப் படுகையில் மின்தடையைச் சில மணி நேரக் கணக்கில் மட்டும் பார்க்க முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரையேறியபோது மன்னார்குடி வட்டாரத்தில் மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. அக்கா வீட்டின் பின்கட்டு ஓடுகள் பறந்து, சந்தா ஏடுகள் இருந்த பெட்டி நனைந்து கூழாயிற்று. அதை அவரே நினைவூட்டித்தான், ஒரு படியாவது வெளியே இருக்கட்டும் என்று இசைந்தார். நிபந்தனையோடு. படி மறையாக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். திறவுச்சொல் அவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். வாரந்தோறும் ஞாயிறு இரவு காப்புப் படி வயர்கார்டு என்னும் மறைவழியில் திருச்சியிலுள்ள எங்கள் ஒருவர் வீட்டு வட்டுக்குப் போய்ச் சேர்கிறது. அவரால் அதைத் திறக்க முடியாது. திறவுச்சொல்லை அக்கா தம் மளிகைக் கணக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார் என்பதுவரை எங்களுக்குத் தெரியும். அவருக்குப் பின் அந்த நோட்டு யாருக்கு என்பதை மகளிடம் சொல்லியிருக்கிறாராம்.

இனி இருபதாவது இதழ்.

அறுபத்துநான்கு பக்கங்களில் அறுபது திறந்துவிட்டன. இரண்டு சிறுகதைகள், ஒரு நீண்ட நேர்காணல், நூல் மதிப்புரைகள், தாள் விலையைப் பற்றி ஆசிரியரின் வழக்கமான புலம்பல். எஞ்சிய நான்கு பக்கங்கள் ஒரே கவிஞரின் கவிதைகள். அவற்றை மட்டும் ஆசிரியர் வீட்டில் கட்டவில்லை; ஊரில் அப்போதிருந்த கணினி அச்சுக்கோப்பகம் ஒன்றில் கட்டி வாங்கியிருக்கிறார். அந்தக் கடை மூடிப் பல ஆண்டுகளாகின்றன. கோப்பைத் திறந்ததும், இந்த எழுத்துரு இல்லை, வேறு எதைப் பொருத்தட்டும் என்று பேஜ்மேக்கர் கேட்கிறது. எதைப் பொருத்தினாலும் குப்பை. அந்நாளில் கடைக்காரர்கள் சிலர் ஓர் எழுத்துருவை எடுத்து, தம் வசதிக்கேற்ப இருக்கைகளை மாற்றியமைத்துத் தம் பெயரிட்டு வைத்துக்கொள்வதுண்டு. இது அப்படி ஒன்று. அறிந்த குறிமுறை எதனோடும் ஒத்துவரவில்லை.

ஆகவே சங்கேத எழுத்தை உடைப்பதுபோல உட்கார்ந்தோம். தமிழில் மிகுதியாக வருவனவற்றுள் புள்ளியும் ஒன்று, அதைப் பிடித்தோம். சொல்லின் இறுதியில் புள்ளியோடு வருபவை பெரும்பாலும் ம், ன், ல், ள், ர். அங்கிருந்து ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு பக்கங்களும், ஒரே ஓர் எழுத்தைத் தவிர, தமிழாயின. அந்த எழுத்து நான்கு பக்கங்களிலும் ஒரே ஒரு முறைதான் வருகிறது. இத்தகைய எழுத்துருக்களில் ஊகார உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம், தனி இருக்கை. கூ, பூ, தூ எல்லாம் வேறிடங்களில் வந்து அறியப்பட்டுவிட்டன. சூ, மூ இரண்டும் வேறெங்கும் வரவில்லை. வெயிலில் நடந்துபோகும் ஒரு பெண்ணைப் பற்றிய கவிதை. அவள் வெயிலைச் சூடி நடக்கிறாள், அல்லது வெயிலை மூடி நடக்கிறாள்.

'வெயிலை' என்பதற்குப் பின் ஒற்று மிகுந்திருந்தால் அது 'சூடி' என்று அந்த நொடியே தெளிந்திருக்கும். மிகவில்லை. ஆனால் இக்கவிஞர் ஒற்றைப் பற்றிக் கவலைப்பட்டவர் அல்லர். மற்றக் கவிதைகளில் மிகவேண்டிய இடங்களிலும் பல தடவை விட்டிருக்கிறார். மெய்ப்புத் திருத்துநர் 'மூடி' என்கிறார்: கையால் வெயிலை மறைத்துக்கொண்டு களத்துக்குப் போகும் பெண்ணை இந்த ஊரில் தினமும் பார்க்கலாம். தமிழாசிரியர் 'சூடி' என்கிறார்: அடுத்த அடியில் கூந்தல் வருகிறது. கவிஞர் 2011இல் மறைந்துவிட்டார். கையெழுத்துப் படி அவர் வீட்டில் இல்லை, தேடிப் பார்த்துவிட்டார்கள். பாடபேதம் என்று அடிக்குறிப்பிட்டு இரண்டையும் தரலாம் என்பது வங்கி நண்பரின் யோசனை. அக்காவிடம் கேட்டோம். "அவரு இருந்தா கடைக்காரரைப் போய்ப் பிடிச்சிருப்பாரு" என்றார்.

அதைத்தான் செய்ய முயல்கிறோம். 2003, 2004 ஆண்டுகளில் மன்னார்குடி, திருவாரூர், தஞ்சாவூர் வட்டாரக் கணினி அச்சுக்கோப்பகங்களில் வேலை செய்தவர்கள் யாரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், அல்லது அத்தகையவரை அறிந்திருந்தால், பழைய எழுத்துருக் கோப்புகள் எவை இருந்தாலும் தந்துதவுங்கள். திருமண அழைப்பிதழுக்கும் வால்போஸ்டருக்கும் பயன்படுத்தியவையாக இருந்தாலும் சரி. குறுவட்டு வேண்டுமென்பதில்லை, ஃப்ளாப்பியானாலும் போதும். அதைப் படிக்கும் இயக்கி ஒன்று எங்களிடம் நல்ல நிலையில் இருக்கிறது.